மார்பகக் கட்டி, தைராய்டு கட்டி: அறுவை சிகிச்சைக்கு முன் நீங்கள் அறிய வேண்டியவை

மார்பகத்திலோ கழுத்திலோ ஒரு கட்டி தென்பட்டால் மூன்று அச்சங்கள் உடனே எழுகின்றன. "மார்பையே எடுத்துவிடுவார்களோ?" "தொண்டையில் கத்தி வைத்தால் குரல் போய்விடுமோ?" "ஊசி குத்தினால் நோய் பரவிவிடுமோ?" மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர், திருவொற்றியூர் பகுதிகளிலிருந்து புறநோயாளிகள் பிரிவுக்கு வரும் பெண்களில் பலர் இந்த அச்சங்களைச் சுமந்துகொண்டு பல மாதங்கள் காத்திருந்த பின்னரே வருகின்றனர். அந்த மாதங்களில் கட்டி வளர்கிறது. சிறிய அறுவையுடன் முடிந்திருக்க வேண்டியது பெரிய அறுவையாகிறது.

கடந்த ஐம்பது ஆண்டுகளில் நடைபெற்ற மருத்துவ ஆய்வுகளும் மூலக்கூறு ஆய்வுகளும் இந்த இரண்டு நோய்களின் அறுவை சிகிச்சையைப் பெரிதும் மாற்றிவிட்டன. எவ்வளவு திசுவை எடுப்பது, அறுவைக்கு முன் மருந்து தருவதா, பின் தருவதா, சிலருக்கு அறுவையே தேவையா என்பனவற்றை இன்று கட்டியின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. கட்டியின் இயல்பை அறிந்த பின்னரே அவை முடிவாகின்றன. அந்த இயல்பை எடுத்துரைப்பது உங்கள் கையிலிருக்கும் பரிசோதனை அறிக்கை. அதில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதை நோயாளியும் பராமரிப்பவரும் புரிந்துகொள்வதற்காகவே இப்பக்கம்.

சுருக்கமாக

• மார்பகக் கட்டிகளிலும் தைராய்டு கட்டிகளிலும் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆயினும் ஒவ்வொரு கட்டியும் பரிசோதிக்கப்பட வேண்டும்.
• ஊசிப் பரிசோதனையால் புற்றுநோய் பரவுவதில்லை.
• தொடக்க நிலையில் வரும் பெண்களில் பலருக்கு மார்பகத்தை முழுமையாக அகற்ற வேண்டியதில்லை.
• சிறிய தைராய்டு புற்றுநோய் சிலவற்றில் பாதிச் சுரப்பியை எடுத்தாலே போதும்.
• பரிசோதனை அறிக்கையின் நகலை எப்போதும் உங்களிடம் வைத்திருங்கள்.

இரண்டையும் சேர்த்துப் பேசுவது ஏன்?

மார்பகக் கட்டியும் தைராய்டு கட்டியும் ஆண்களைவிடப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுகின்றன. பல பெரிய மருத்துவமனைகளில் நாளமில்லாச் சுரப்பி அறுவை சிகிச்சைப் பிரிவே இரண்டையும் கவனிக்கிறது. மரபணு வழியிலும் அரிதான ஒரு தொடர்பு உண்டு. 'பிடென்' என்னும் மரபணுவில் பிறவியிலேயே மாற்றம் உள்ள குடும்பங்களில் மார்பகம், தைராய்டு, கருப்பை ஆகிய மூன்றிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுதலாக உள்ளது. இது 'கௌடன் நோய்க்குறித் தொகுப்பு' எனப்படுகிறது. ஆகவே மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒருவருக்குக் கழுத்தில் கட்டி தோன்றினால், அதனைத் தனியாகக் காட்டிப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தில் யாருக்கேனும் இந்தப் புற்றுநோய்கள் வந்திருந்தால் அதனையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சென்னையின் பதிவேடு காட்டும் மாற்றம்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ஆம் ஆண்டு அடையாறில் புற்றுநோய் நிறுவனம் தொடங்கப்பட்டது. சென்னை மாநகரின் புற்றுநோய்ப் பதிவேட்டை 1980-களின் தொடக்கத்திலிருந்து அந்நிறுவனமே பராமரித்து வருகிறது. பதிவேட்டின் தொடக்க ஆண்டுகளில் சென்னைப் பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோயே முதலிடத்தில் இருந்தது. பின்னர் அது படிப்படியாகக் குறைய, மார்பகப் புற்றுநோய் முதலிடத்திற்கு வந்துவிட்டது. இந்தியா முழுவதற்குமான 2022-ஆம் ஆண்டு உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி, அவ்வாண்டில் ஏறத்தாழ 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 98 ஆயிரம் பேர் அதனால் உயிரிழந்தனர்.

இறப்பு இவ்வளவு மிகுதியாக இருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், நோயாளிகள் முற்றிய நிலையில் வருவதாகும். மேலை நாடுகளுடன் ஒப்பிட்டால் நம் நாட்டுப் பெண்களுக்கு இந்நோய் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். "எனக்கு நாற்பது வயதுதானே" என்று எண்ணிக் காத்திருப்பது சரியன்று.

எப்போது மருத்துவரைக் காண வேண்டும்?

மார்பகத்தில்:
• வலியில்லாத கட்டி அல்லது தடிப்பு
• அக்குளில் கட்டி
• காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொள்ளுதல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல்
• தோல் ஆரஞ்சுப் பழத்தோல் போலத் தடித்தல், குழி விழுதல், ஆறாத புண்

கழுத்தில்:
• விழுங்கும்போது மேலும் கீழும் அசையும் கட்டி
• விரைவாகப் பெரிதாகும் வீக்கம்
• மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் குரல் கரகரப்பு
• விழுங்குவதிலோ மூச்சு விடுவதிலோ சிரமம்

வலி இல்லாததால் கட்டி தீங்கற்றது என்று கருதிவிடக் கூடாது. மார்பகப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆண்களுக்கும் இந்நோய் வரக்கூடும். ஆகவே ஆணின் மார்பில் தோன்றும் கட்டியையும் காட்ட வேண்டும்.

30 வயதைக் கடந்த பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. 'கையால் தடவிப் பார்ப்பதில் என்ன தெரிந்துவிடும்?' எனச் சிலர் எண்ணுகின்றனர். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கிய ஆய்வு இதற்கு விடை தந்தது. ஒன்றரை லட்சம் பெண்கள் அதில் பங்கேற்றனர். பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, நான்கு முறை, கையால் பரிசோதனை செய்தனர். இருபது ஆண்டுத் தொடர் கண்காணிப்பின் முடிவுகள் 2021-இல் வெளிவந்தன. பரிசோதிக்கப்பட்ட பெண்களிடம் நோய் முன்னதான நிலையிலேயே கண்டறியப்பட்டது. 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. சுகாதாரப் பணியாளர் உங்களைப் பரிசோதனைக்கு அழைத்தால் மறுக்காமல் சென்று வாருங்கள்.

"ஆலைப் புகையால் வந்ததா?"

அனல்மின் நிலையமும் துறைமுகமும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த பகுதியில் வாழ்பவர்கள் இக்கேள்வியைக் கேட்பது இயல்பே. காற்று மாசு புற்றுநோய்க் காரணி என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2013-இல் வகைப்படுத்தியது. அதற்கு அடிப்படையாக இருந்தது நுரையீரல் புற்றுநோய் பற்றிய சான்று. தைராய்டு புற்றுநோயைப் பொறுத்தவரை, குழந்தைப் பருவத்தில் கழுத்துப் பகுதி கதிர்வீச்சுக்கு உள்ளாவதே உறுதி செய்யப்பட்ட முக்கியப் புறக்காரணம். 1986-ஆம் ஆண்டு செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பின் குழந்தைகளிடம் இது தெளிவாகக் காணப்பட்டது. மார்பகப் புற்றுநோயில் வயது, குடும்ப வரலாறு, குழந்தைப்பேறு தாமதமாதல், தாய்ப்பால் கொடுக்காதிருத்தல், மாதவிடாய் நின்ற பின் உடல் எடை கூடுதல், மது ஆகியவை வாய்ப்பை உயர்த்துவனவாக அறியப்பட்டுள்ளன. நீண்டகால இரவுப் பணியும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று அதே முகமை வகைப்படுத்தியுள்ளது.

ஒரு தனி நபருக்கு நோய் எதனால் வந்தது என்று பெரும்பாலும் சுட்டிக்காட்ட இயலாது. காரணம் எதுவாயினும் பரிசோதனையைத் தள்ளிப்போடலாகாது. நீங்கள் செய்த தவறால் வந்த நோய் என்று உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ளவும் வேண்டாம்.

ஊசிப் பரிசோதனை

மார்பகக் கட்டிக்கு மேமோகிராம் அல்லது ஸ்கேன் எடுத்த பின், சற்றுத் தடித்த ஊசியால் சிறு திசுத் துணுக்கு எடுக்கப்படுகிறது. இதுவே பயாப்சி. தைராய்டு கட்டிக்கு ஸ்கேன் பார்த்து, மெல்லிய ஊசியால் சில உயிரணுக்கள் மட்டும் உறிஞ்சி எடுக்கப்படுகின்றன. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்பவர்கள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

ஊசியால் நோய் பரவும் என்பது உண்மையன்று. நோயின் பெயரையும் வகையையும் அறியாமல் நேரடியாகக் கட்டியை வெட்டி எடுத்துவிடுவதே பல நேரங்களில் தீங்காகிறது. சரியான எல்லையில் அகற்றப்படாததால் இரண்டாவது அறுவை தேவைப்படலாம். அறுவைக்கு முன் மருந்து கொடுத்திருக்கக்கூடிய வாய்ப்பும் நழுவிவிடும்.

மார்பக அறிக்கையில் உள்ள சொற்கள்

மார்பகப் புற்றுநோய் என்று ஒரே பெயரால் அழைத்தாலும் அது ஒரே நோயன்று. பயாப்சித் திசுவில் மூன்று அம்சங்கள் பார்க்கப்படுகின்றன.

ஈ.ஆர்., பி.ஆர். – ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் பெண்மை இயக்குநீர்களுக்கான ஏற்பிகள். இவை 'பாசிட்டிவ்' என்றால், புற்றணுக்கள் அந்த இயக்குநீரைப் பயன்படுத்தி வளர்கின்றன என்று பொருள். அதனைத் தடுக்கும் டமாக்சிஃபென், லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் பயன்தரும். ஐந்து ஆண்டுகள் தவறாமல் டமாக்சிஃபென் உட்கொண்டால் இவ்வகை நோயால் ஏற்படும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. நலமாக இருப்பதாக எண்ணி மாத்திரையை இடையில் நிறுத்திவிடுவது பெருந்தவறு.

ஹெர்-2 – புற்றணுவின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதம். ஏறத்தாழ 15 முதல் 20 சதவீத மார்பகப் புற்றுநோய்களில் இது அளவுக்கு மீறி இருக்கும். முன்பு இவ்வகை மிகவும் கடுமையானதாகக் கருதப்பட்டது. இப்புரதத்தையே குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து வந்த பின் நிலைமை மாறியது. அறிக்கையில் '2+' என்று இருந்தால் முடிவு உறுதியாகவில்லை என்று பொருள். 'ஃபிஷ்' எனப்படும் கூடுதல் பரிசோதனை தேவைப்படும்.

மூன்றும் நெகட்டிவ் – இவ்வகை நம் நாட்டில் மேலை நாடுகளைவிட மிகுதி. இதற்கு இயக்குநீர் மாத்திரை பயன்படாது. கீமோதெரபி நன்றாக வேலை செய்யக்கூடும். 'நெகட்டிவ்' என்பதால் நோய் இல்லை என்று தவறாக எண்ணி வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. இந்தச் சொல்லால் ஏமாந்து சிகிச்சைக்குத் திரும்பாமல் போகும் அபாயம் உண்டு என்பதாலேயே இதனை வலியுறுத்துகிறோம்.

மார்பகத்தை முழுமையாக எடுக்கத்தான் வேண்டுமா?

நூறு ஆண்டுகளுக்கு முன், மார்பகத்துடன் மார்புத் தசைகளையும் சேர்த்து அகற்றுவதே வழக்கம். 1970-களில் இத்தாலியில் வெரோனேசியும் அமெரிக்காவில் ஃபிஷரும் இதனை ஆய்வுக்கு உட்படுத்தினர். ஒரு பிரிவினருக்கு மார்பகம் முழுவதும் அகற்றப்பட்டது. மற்றொரு பிரிவினருக்குக் கட்டியும் சுற்றியுள்ள சிறு பகுதியும் மட்டும் அகற்றப்பட்டு, கதிர்வீச்சு சிகிச்சை தரப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்து 2002-இல் வெளியான முடிவுகளில், உயிர் வாழ்ந்தோர் விகிதம் இரு பிரிவிலும் ஒன்றாகவே இருந்தது.

எனவே சிறிய கட்டியுடன் வருபவர்கள் மார்பகத்தைக் காக்கும் அறுவை பற்றித் தயங்காமல் கேட்கலாம். அதற்குப் பின் கதிர்வீச்சை முழுமையாக முடிப்பது இன்றியமையாதது. கட்டி பல இடங்களில் இருந்தாலோ, மார்பகத்தின் அளவுக்குக் கட்டி மிகப் பெரிதாக இருந்தாலோ, கதிர்வீச்சு பெற இயலாத நிலை இருந்தாலோ முழு அகற்றமே ஏற்றது. அதுவும் நல்ல சிகிச்சையே. அக்குளிலும் இதே மாற்றம் நிகழ்ந்துள்ளது. நோய் முதலில் சென்றடையக்கூடிய ஓரிரு நிணநீர்க் கணுக்களை மட்டும் எடுத்துப் பார்த்து, அவற்றில் நோய் இல்லையெனில் மற்றவற்றை விட்டுவிடுவதால் கை வீக்கம் வெகுவாகக் குறைகிறது.

அறுவைக்கு முன் மருந்து

"நோய் என்று தெரிந்த பின்னும் ஏன் உடனே எடுக்கவில்லை?" எனக் குடும்பத்தினர் கோபம் கொள்வதுண்டு. பெரிய கட்டி, ஹெர்-2 வகை, மூன்றும் நெகட்டிவ் வகை ஆகியவற்றில் கீமோதெரபியை முதலில் தருவது வேண்டுமென்றே செய்யப்படும் ஏற்பாடு. கட்டி சுருங்குவதால் சிறிய அறுவை போதுமானதாகலாம். மருந்து வேலை செய்கிறதா என்பதையும் நேரடியாகக் காண முடிகிறது.

இவ்வகை அணுகுமுறையில் தமிழகத்திற்கு நீண்ட அனுபவம் உண்டு. முற்றிய கட்டிகளுடன் 1990 முதல் 1999 வரை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் சிகிச்சை பெற்ற 1,117 பெண்களின் விவரங்களை டாக்டர் வி. சாந்தாவும் அவரது குழுவினரும் ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டனர். அவர்களுக்கு மருந்தும் கதிர்வீச்சும் முதலில் தரப்பட்டு, பின்னர் அறுவை செய்யப்பட்டது. அறுவையின்போது அக்குள் கணுக்களில் நோய் எஞ்சியிராதவர்கள் நீண்ட காலம் நலமாக வாழ்ந்தனர். முற்றிய நிலையில் வந்தவர்களும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை என்பதற்கு இது நம் ஊர்ச் சான்று.

அறுவை அரங்கிலும் எளிய மாற்றங்கள் ஆராயப்படுகின்றன. டாடா நினைவு மருத்துவமனை தலைமையில் இந்தியாவின் 11 மையங்களில் 1,600 பெண்களிடம் நடந்த ஆய்வில், கட்டியை அகற்றுவதற்குச் சில நிமிடங்கள் முன் அதனைச் சுற்றி லிக்னோகெய்ன் என்னும் மலிவான மரப்பு மருந்து செலுத்தப்பட்டது. 2023-இல் வெளியான முடிவின்படி, ஐந்து ஆண்டுகளில் உயிர் வாழ்ந்தோர் விகிதம் 86.4 சதவீதத்திலிருந்து 90.1 சதவீதமாக உயர்ந்தது. முன்னேற்றம் எப்போதும் விலையுயர்ந்த மருந்து வழியாகவே வருவதில்லை.

கதிர்வீச்சு: எத்தனை நாட்கள்?

முன்பு ஐந்து வாரங்கள் நாள்தோறும் வர வேண்டியிருந்தது. மூன்று வாரங்களில் 15 முறை தந்தாலும் பயன் அதுவே என்று பெரிய ஆய்வுகள் நிறுவியுள்ளன. தகுதியானவர்களுக்கு ஒரே வாரத்தில் 5 முறை தரும் முறையையும் 2020-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு ஆதரிக்கிறது. மீஞ்சூரிலிருந்து நாள்தோறும் மின்சார ரயிலில் சென்று திரும்புபவருக்கும், கூலியை இழந்து உடன் வருபவருக்கும் இது பெரிய வேறுபாடு. "எனக்குக் குறுகிய கால முறை பொருந்துமா?" என்று கேளுங்கள். தொலைவு கருதிக் கதிர்வீச்சைப் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

மரபணுப் பரிசோதனை யாருக்கு?

பி.ஆர்.சி.ஏ.-1, பி.ஆர்.சி.ஏ.-2 ஆகிய மரபணுக்கள் முறையே 1994, 1995-ஆம் ஆண்டுகளில் அடையாளம் காணப்பட்டன. இவற்றில் பிறவி மாற்றம் உள்ளவர்களுக்கு மார்பகம், சினைப்பை ஆகியவற்றில் புற்றுநோய் வாய்ப்பு கூடுதல். இப்பரிசோதனை எல்லோருக்கும் தேவையில்லை. இளம் வயதில் நோய் வந்தவர்கள், மூன்றும் நெகட்டிவ் வகையினர், நெருங்கிய உறவினருக்கு மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் இருந்தவர்கள், மார்பகப் புற்றுநோய் வந்த ஆண்கள் ஆகியோர் மருத்துவரிடம் கலந்தாலோசிக்கலாம். தந்தை வழி உறவினரையும் கணக்கில் கொள்ள வேண்டும்; இம்மாற்றம் தந்தை வழியாகவும் வரும். மாற்றம் இருப்பது தெரிந்தால் மகளின் திருமணம் தடைப்படும் என்று மறைப்பதைவிட, அவர் முன்கூட்டியே கண்காணிப்பில் இருப்பதே அவரது உயிரைக் காக்கும்.

தைராய்டு கட்டி: அவசரம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

ஊசிப் பரிசோதனை அறிக்கையில் 'பெதெஸ்டா' என்று 1 முதல் 6 வரை எண் இருக்கும்.

• 1 – போதிய உயிரணுக்கள் கிடைக்கவில்லை. பரிசோதனையை மீண்டும் செய்ய வேண்டும்.
• 2 – தீங்கற்றது. பொதுவாகக் கண்காணிப்பு போதும்.
• 3, 4 – உறுதியாகச் சொல்ல இயலாதவை. மறுபரிசோதனை, மூலக்கூறு பரிசோதனை அல்லது பாதிச் சுரப்பி அகற்றம்.
• 5 – புற்றுநோய் என்ற ஐயம் வலுவானது.
• 6 – புற்றுநோய்.

இந்த எண் நோயின் 'நிலை'யைக் குறிப்பதன்று. பெதெஸ்டா 6 என்றதும் 'கடைசிக் கட்டம்' என்று அஞ்ச வேண்டாம்.

தைராய்டு புற்றுநோயில் மிகப் பெரும்பான்மை 'பாப்பிலரி' வகை. இது மெதுவாக வளர்வது. தக்க சிகிச்சை பெற்றோரில் பெரும்பாலோர் இயல்பான வாழ்நாள் வாழ்கின்றனர். இவற்றில் ஏறத்தாழ பாதியில் 'பிராஃப்' என்னும் மரபணுவில் மாற்றம் காணப்படுகிறது. அந்த மாற்றம் இருப்பதாலேயே நோய் பரவிவிட்டது என்று பொருளாகாது. 'மெடுல்லரி' வகை வேறுபட்டது. அதில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு 'ரெட்' மரபணு மாற்றம் பிறவியிலேயே உள்ளது. அவ்வாறெனில் அவருடைய குழந்தைகளுக்கும் உடன்பிறந்தோருக்கும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். நோய் தோன்றுமுன்னரே காப்பாற்ற இயலும்.

தேவைக்கு மிஞ்சிய பரிசோதனையும் தீங்கு தரும் என்பதைத் தென்கொரியா உணர்த்தியது. அங்கு நலமாக இருந்தவர்களுக்கும் கழுத்து ஸ்கேன் எடுக்கும் வழக்கம் பரவியதால், 1993-உடன் ஒப்பிட 2011-இல் தைராய்டு புற்றுநோய் கண்டறிதல் 15 மடங்காயிற்று. இறப்பு எண்ணிக்கையோ மாறவில்லை. பல்லாயிரம் பேர் தேவையின்றி அறுவைக்கு ஆளாயினர். ஜப்பானின் கோபே நகரில் உள்ள குமா மருத்துவமனையில், ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட, ஆபத்துக் குறைந்த பாப்பிலரி கட்டிகளை அறுவையின்றிக் கண்காணிக்கும் முறை 1993-இல் தொடங்கியது. கண்காணிக்கப்பட்ட 1,200-க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் 2014-இல் வெளியாயின. அவர்களில் எவரும் தைராய்டு புற்றுநோயால் இறக்கவில்லை. ஆகவே அறிகுறி எதுவுமில்லாதவர்கள் தாமாகக் கழுத்து ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கட்டி தெரிபவர்கள் தவறாமல் காட்ட வேண்டும்.

தைராய்டு அறுவையும் குரலும்

தைராய்டின் பின்புறம் குரல்நாணை இயக்கும் நரம்புகள் செல்கின்றன. கால்சியத்தைச் சீராக்கும் நான்கு சிறிய பாராதைராய்டு சுரப்பிகளும் அங்கேயே உள்ளன. இவற்றைக் கண்டறிந்து காப்பதே இந்த அறுவையின் நுட்பம். அறுவைக்குப் பின் சில நாட்கள் அல்லது வாரங்கள் குரல் கம்மியிருக்கலாம். பெரும்பாலோருக்கு அது சரியாகிவிடும். நிலையான பாதிப்பு அனுபவமுள்ள கைகளில் அரிது. மீன் ஏலம் கூறுபவர், ஆசிரியர், பாடகர் என்று குரலையே நம்பித் தொழில் செய்பவர்கள் அதனை அறுவை மருத்துவரிடம் முன்பே தெரிவிக்க வேண்டும்.

வீடு திரும்பிய பின் கவனிக்க:

• உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மதமதப்பு, கை இழுத்துப் பிடித்தல் – கால்சியம் குறைவதன் அறிகுறி. உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.
• கழுத்து திடீரென வீங்கி மூச்சுத் திணறினால் 108-ஐ அழையுங்கள். இது அவசர நிலை.
• தைராக்சின் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் உட்கொண்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபி, தேநீர், உணவு.
• கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் தைராக்சினுக்கும் நான்கு மணி நேர இடைவெளி.
• கருவுற்றால் உடனே தெரிவிக்கவும். மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

முழுச் சுரப்பியும் அகற்றப்பட்டவர்கள் வாழ்நாள் முழுவதும் தைராக்சின் உட்கொள்ள வேண்டும். பாதி அகற்றப்பட்டவர்களில் பலருக்கு அது தேவைப்படாமலே போகலாம்.

கதிரியக்க அயோடின்

அறுவைக்குப் பின் எஞ்சிய தைராய்டு அணுக்களை அழிக்கத் தரப்படும் மருந்து இது. எல்லோருக்கும் தேவையில்லை. ஆபத்துக் குறைந்த வகையினரில் இதனைத் தராமல் கண்காணித்தவர்களும் பெற்றவர்களும் மூன்று ஆண்டுகளில் ஒரே அளவு நலமாக இருந்தனர் என்று 2022-இல் பிரெஞ்சு ஆய்வு காட்டியது.

உங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டால், அதற்கு முன் ஓரிரு வாரங்கள் அயோடின் குறைந்த உணவு உண்ண வேண்டும். கடற்கரைப் பகுதியினர் இதில் தனிக்கவனம் கொள்ள வேண்டும். கடல்மீன், இறால், நண்டு, கருவாடு, அயோடின் கலந்த உப்பு ஆகியவற்றை அந்நாட்களில் தவிர்க்க வேண்டும். சிகிச்சை முடிந்ததும் வழக்கமான உணவுக்குத் திரும்பலாம். அயோடின் உப்பை நிரந்தரமாக விலக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு இது தரப்படுவதில்லை. தாய்ப்பால் கொடுப்பவர்கள் முன்னதாகவே நிறுத்தியிருக்க வேண்டும். அதன் பின் குறைந்தது ஆறு மாதங்கள் கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டும்.

ஆய்வில் சேரும்படி கேட்டால்

மேலே கூறிய முன்னேற்றங்கள் அனைத்தும் நோயாளிகள் மனமுவந்து ஆய்வுகளில் பங்கேற்றதால் கிடைத்தவை. உங்களிடம் கேட்கப்பட்டால் அச்சப்படவும் வேண்டாம், படிக்காமல் கையொப்பமிடவும் வேண்டாம். நன்னெறிக் குழுவின் ஒப்புதல் உள்ளதா, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். தமிழில் விளக்கம் பெறுவது உங்கள் உரிமை. மறுக்கலாம்; இடையில் விலகலாம். அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. ஆய்வினால் உடல்நலக் கேடு நேர்ந்தால் மருத்துவமும் இழப்பீடும் பெற 2019-ஆம் ஆண்டின் விதிகள் வழிசெய்கின்றன.

எங்கே செல்வது? செலவு என்ன?

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிப் பரிந்துரைக் கடிதம் பெறுங்கள். மீஞ்சூரிலிருந்து மின்சார ரயிலில் சென்னை சென்ட்ரல் வந்தால் எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை உள்ளது. அங்கு நாளமில்லாச் சுரப்பி அறுவை சிகிச்சைத் துறை இயங்குகிறது. வடசென்னை மக்களுக்கு அரசு ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அருகில் உள்ளது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். விவரங்களுக்கு 1800 425 3993; பொது மருத்துவ ஆலோசனைக்கு 104.

பராமரிப்பவர்களுக்கு

நோயின் பெயரை நோயாளியிடம் மறைக்காதீர்கள். அறியாதவர் மாத்திரையைத் தொடர்வதில்லை. அனைத்து அறிக்கைகளையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வையுங்கள். மார்பக அறுவைக்குப் பின் தோள்பட்டைப் பயிற்சிகளை நாள்தோறும் செய்ய உதவுங்கள். அக்குள் கணுக்கள் அகற்றப்பட்ட பக்கத்துக் கையில் மீன் முள், கத்தி பட்டால் உடனே சோப்பு நீரால் கழுவி மருந்திடுங்கள். சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். கீமோதெரபி பெறுபவருக்கு 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் வந்தால் இரவானாலும் காத்திருக்கக் கூடாது. அது அவசர நிலை.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

• என் கட்டியின் வகை என்ன? ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 முடிவுகள் வந்துவிட்டனவா?
• மார்பகத்தைக் காக்கும் அறுவை எனக்குப் பொருந்துமா? இல்லையெனில் ஏன்?
• முதலில் மருந்தா, முதலில் அறுவையா?
• தைராய்டில் பாதி எடுத்தால் போதுமா?
• என் பிள்ளைகளுக்குப் பரிசோதனை தேவையா?
• மீண்டும் எப்போது வர வேண்டும்?

இக்கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். கேட்பதால் மருத்துவர் வருந்துவதில்லை.

சிறிய அறுவை, காக்கப்பட்ட மார்பகம், தெளிவான குரல் ஆகிய எல்லாம் காலத்தே வருபவருக்கே எளிதில் கிட்டுகின்றன. உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ கட்டி தென்பட்டால், இந்த வாரமே அருகிலுள்ள சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள்.

இப்பக்கம் பொது விளக்கத்திற்கானது. உங்களுக்குரிய சிகிச்சையை உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.